பொரிக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

“டேய், அழிக்காதடா! அழிச்சீன்னா அது செத்துப் போயிரும்!”

“போனாப் போவட்டும்! அது நெச நாயே இல்ல! நீ மையி வைக்க வைக்க நமக்கு நாய் வர்றது தள்ளிட்டே போவுது!”

“கையை எடுடா!”

“நீ எடு! அம்மா கண்மையத் திருடுன கள்ளி!”

இந்தச் சண்டை எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நடந்தது. நான் பாதி ஷேவிங் செய்த முகத்தோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். காலை ஆறரை மணி. உள்ளே என் மகள் வெண்ணிலா, பதினொரு வயது. மகன் செழியன், ஏழு வயது. அவர்களுக்கு நடுவில் பொரி.

பொரி எங்கள் ஒத்திகை நாய். நம் ஈரோட்டு இணையக் குழுவில் சிலருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிட்டுப் போகிறேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாய் வளர்க்க வேண்டுமானால் ஒத்திகை கட்டாயம் என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேறொன்றுமில்லை, பிள்ளைகள் அழுகிறார்கள் என்று தீபாவளிக்கு நாய்க்குட்டி வாங்குகிறோம். மே மாதம் ஊட்டிக்குப் போகும்போது அதே குட்டியை டோல்கேட் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகிறோம். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒத்திகை நாய் ஒரு இயந்திரம். தொட்டால் சூடு இருக்கும், ரோமம் கொட்டும், செருப்பைக் கடிக்கும், ஹாலில் ஈரம் பண்ணும். ஒரு நாளுக்கு ஒரு வயது ஏறும். பதினான்கு நாளில் ஒரு முழு ஆயுளையும் நம் வீட்டில் வாழ்ந்து முடித்துவிடும். அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டால் நிஜ நாய் கிடைக்கும். நடுவில் திருப்பி அனுப்பினாலோ கொடுமைப்படுத்தினாலோ ஏழு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஏழு வருடத்தில் வெண்ணிலாவுக்குப் பதினெட்டு வயதாகிவிடும். அவள் நான்கு வயதிலிருந்து நாய் கேட்கிறாள்.

இதற்கும் ஈரோட்டில் கோச்சிங் சென்டர் வந்துவிட்டது. ‘ஒத்திகையில் உறுதியான வெற்றி’ என்று பெருந்துறை ரோட்டில் போர்டு பார்த்தேன். நாங்கள் போகவில்லை.

முதன்முதலில் ஒத்திகை மையத்துக்குப் போனபோது அங்கே இருந்த கால்நடை மருத்துவர் ரெஹானா எங்களை உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“எதுக்கு சின்ன நாயா கேக்கறீங்க?”

“மூணாவது மாடிங்க மேடம். லிப்ட்டு பாதி நாள் ஓடாது. சின்னதுன்னா வேலையும் கம்மி” என்றேன்.

“யார் சொன்னா வேலை கம்மின்னு? சப்பை மூக்கு பக் வாங்குனா மூச்சு எளைக்கும். உங்க ஊர் மே மாச வெயிலுக்கு அதுக்கு ஒரு ஏசி, உங்களுக்கு ஒரு ஏசி. டாஷ்ஹண்டுக்கு முதுகு நீளம், மூணு மாடி ஏறி எறங்குனா முதுகு போயிடும். இந்த உள்ளங்கை சைஸ்ல இருக்குமே சிவாவா, அதை ஏழு வயசுப் பையன் இருக்கற வீட்டுக்கு நான் தரவே மாட்டேன். தம்பி ஆசையாத் தூக்குவான். கை வழுக்கும். கால் ஒடிஞ்சுரும்.”

“நானெல்லாம் கீழ போட மாட்டேன்” என்றான் செழியன்.

“போன மாசம் அப்பா போனைப் போட்டது யாரு?” என்றாள் வெண்ணிலா.

“அது போனு!”

கடைசியில் நடுத்தரமாக ஒரு பொமரேனியன் ஒத்திகை நாயைக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, தூக்கினால் கனமே இல்லாமல் இருந்தது. செழியன் பொரி என்று பெயர் வைத்தான்.

வரும்போது ரெஹானாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். “ஏனுங்க மேடம், சின்னப் புள்ளைங்களுக்கு சாவு வரைக்கும் காட்டோணுமா? ஒரு பத்து வயசோட நிறுத்திக்கலாமுல்ல?”

அவர் சிரிக்கவில்லை. “நாய் ஒரு நாள் சாகும்னு தெரியாத வீட்லதான் சார் நாய் ரோட்ல சாகுது” என்றார்.

முதல் மூன்று நாள் வீடு வீடாக இல்லை. குட்டிப் பருவம். செழியனின் கணக்கு நோட்டு, என் பெல்ட், சுகந்தியின் ஆஸ்பத்திரி அடையாள அட்டை எல்லாவற்றிலும் பல் தடம். சுகந்தி என் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். “எங்க டாக்டர் அட்டையைக் காட்டுன்னு கேட்டாரு, பொரி மென்னு போட்டதைக் காட்டுனேன்” என்று ஒரே புலம்பல். ஆனால் நான்காம் நாள் பொரிக்கு நான்கு வயது ஆனதும் அதற்கு ஒரு நிதானம் வந்தது. சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. செழியன் படிக்கும்போது அவன் காலடியில் படுத்துக்கொண்டது. நான் வேலை முடிந்து படியேறும்போதே என் நடையை அடையாளம் கண்டு கதவுக்குள்ளிருந்து குரைத்தது.

அன்று சாயந்திரம் எதிர்வீட்டு அம்மா வந்து பொரியைப் பார்த்துவிட்டு, “அய்யோ, என்ன அழகு! பஞ்சு மாதிரி இருக்குதே! இப்புடி ஒரு நாயை நான் பாத்ததே இல்லீங்க!” என்று பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் நின்றுவிட்டுப் போனார்.

அவர் கதவைத் தாண்டியதுதான் தாமதம், சுகந்தி கண்மைச் சிமிழை எடுத்துவந்தாள். பொரியின் நெற்றி நடுவில் பெரிதாக ஒரு பொட்டு.

“ஏன் சுகந்தி, அது மிஷினு. மிஷினுக்கு எதுக்குத் திருஷ்டிப் பொட்டு?”

“லாரி என்ன மாமன் மச்சானா? அதுக்கு எலுமிச்சம்பழம் கட்டறதில்ல?”

பொட்டு பொரிக்கு நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

இனி நடந்தது எனக்குப் பதினோராம் நாள் காலைவரை தெரியாது. நான் போர்வை ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருடமாகத் துணியில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தால்கூடக் கண்டுபிடிப்பது என் தொழில். ஆனால் ஏழு நாளாக என் வீட்டு நாய்க்கு வயதே ஏறவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

சரி, குளியலறைக்கு வருகிறேன். கதவைத் திறந்தேன். வெண்ணிலாவின் கையில் மைக்குச்சி. செழியனின் கையில் ஈரத்துண்டு. பொரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

“என்ன நடக்குது இங்க?”

“அப்பா, இவ ஏமாத்தறா!” என்றான் செழியன். “பொட்டு இருந்தா பொரிக்கு வயசாவாதாம். தெனமும் காலைல திருட்டுத்தனமா மை வைக்கறா!”

வெண்ணிலா மறுக்கவில்லை. “ஆறு வயசானா மூக்குக்குக் கீழ நரைக்கும்னு மையத்துல குடுத்த புக்குல போட்டிருந்துச்சுப்பா. ஆறாம் நாளு பார்த்தேன், நரைக்கவே இல்ல. அப்பறம்தான் அந்த புக்குல இருந்த படத்தைப் பார்த்தேன். நெத்தி முடிக்குள்ள சின்னக் கண்ணாடி ஒண்ணு இருக்குது. விடியற வெளிச்சம் அது மேல பட்டாத்தான் ஒரு வயசு ஏறும். அம்மா வச்ச பொட்டு சரியா அது மேலயே உக்காந்திருக்குது.”

“தெரிஞ்சும் ஏன் கண்ணு சொல்லல?”

“சொன்னா அழிச்சுருவீங்க.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒத்திகை மையம்.

“சார், ரெஹானா பேசறேன். உங்க நாய் ஏழு நாளா விடியலே பார்க்கலைன்னு இங்க காட்டுது. பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்களா?”

“அய்யோ, இல்லீங்க மேடம்!”

“நிறையப் பேர் பண்றாங்க சார். பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டு பதினாலு நாளை ஓட்டிட்டு வந்து கையெழுத்து கேக்கறாங்க. அதுக்காகத்தான் வெளிச்சத்தை வச்சு நாள் கணக்கு. இருட்டுல கெடந்த நாள் உங்க கூட வாழ்ந்த நாள் இல்ல. நான் கொடுமைன்னு எழுதணும். எழுதவா?”

சுகந்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “மேடம், பூட்டியெல்லாம் வைக்கலீங்க. நாந்தான் கண்ணு பட்டுரக்கூடாதுன்னு நெத்தியில பொட்டு வச்சேன்.”

“பொட்டா?”

“திருஷ்டிப் பொட்டுங்க. கண்மையில.”

“நாய்க்கா?”

“கண்ணு பட்டா நாயின்னு விடுமாங்க மேடம்?”

ரெஹானா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்னால் யாரையோ கூப்பிட்டு, “இங்க வாங்களேன், இதைக் கேளுங்க” என்றார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணிலா மட்டும் சிரிக்கவில்லை. மைக்குச்சியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சிரித்து முடித்ததும் ரெஹானாவின் குரல் மாறியது. “சரி, கொடுமைன்னு எழுதலை. ஆனா இன்னொண்ணு இருக்கு. நாயைப் பதினாலாம் நாள் நான் திருப்பி வாங்கியாகணும். அடுத்த வீட்டுக்குத் தேதி கொடுத்தாச்சு. இப்ப நாலு வயசு. மிச்சம் மூணு விடியல்தான். பொட்டை அழிச்சா மிச்சமிருக்கற பத்து வயசும் அந்த மூணு விடியல்ல ஏறும். நாளைக்கு எட்டு. அடுத்த நாள் பதினொண்ணு. அப்பறம் பதினாலு.”

“அழிக்கலேன்னா?” என்று கேட்டாள் வெண்ணிலா. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

“அழிக்கலேன்னா இது நாலு வயசுலயே இருக்கும் கண்ணு. நல்லா விளையாடும். பதினாலாம் நாள் பொட்டோட வாங்கிக்குவேன். ஆனா ஒத்திகை முடியலைன்னு எழுதுவேன். ஏழு வருஷம் கழிச்சுத்தான் திரும்ப வர முடியும்.”

போனை வைத்தபின் நான்கு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். பொரி எல்லோர் மேலும் ஏறி இறங்கியது. நான் வேலைக்கு லேட்டு என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு உள்ளுக்குள் அழிக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. இத்தனைக்கும் இது இயந்திரம். ஆனால் மூன்று நாளில் அதைக் கிழடாக்கிப் பார்க்க எனக்கே தெம்பில்லை. பிள்ளைகளுக்கு எங்கிருந்து இருக்கும்? ஏழு வருடம் காத்திருந்தால்தான் என்ன என்று நினைத்தேன்.

செழியன் துண்டைக் கீழே போட்டுவிட்டான். “ஒரு நாளைக்கு ஒரு வயசுன்னு நெனச்சேன்பா. நாலு நாலா ஏறும்னு தெரியாது. எனக்கு வேண்டாம். நாயே வேண்டாம்.”

“நீதான்டா அழிக்கோணும் அழிக்கோணும்னு குதிச்ச?” என்றாள் சுகந்தி.

“அப்ப தெரியாதும்மா!”

வெண்ணிலா எழுந்து சமையலறைக்குப் போனாள். தேங்காய் எண்ணெய் பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்தாள். மை தண்ணீரில் போகாது, எண்ணெயில்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

“வெண்ணிலா, இரு கண்ணு. நெனச்சுத்தான் பண்றயா?” என்றேன்.

“ஏழு நாளா நான் இதுக்கு வயசாவ விடலப்பா. அஞ்சு, ஆறு, ஏழு வயசெல்லாம் எங்கயோ போச்சு. அது எனக்காக நாலுலயே நின்னுட்டு இருக்குது. இது நாய் வளர்க்கறது இல்ல. பொம்மை வச்சு வெளையாடறது.”

பொரி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவள் துடைத்தாள். எண்ணெய் பட்டதில் நெற்றி முடி பிசுக்காக ஒட்டிக்கொண்டு, பார்க்க சினிமா வில்லன் மாதிரி ஆகிவிட்டது. செழியன் அழுதுகொண்டே சிரித்தான்.

மறுநாள் எழுந்து பார்த்தால் எட்டு வயது. முகவாய் நரைத்திருந்தது. பந்தை எறிந்தால் போய் எடுக்கும், ஆனால் கொண்டுவந்து தராமல் அங்கேயே படுத்துக்கொள்ளும். நான் மூன்று நாள் லீவு சொன்னேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். வீட்டில் வயதானவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு வயதில் ஒரு கண் மங்கிவிட்டது. கதவு நிலையில் முட்டிக்கொண்டது. செழியன் வீட்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் நகர்த்தினான். சோறு மெல்ல முடியவில்லை என்று அதற்குத் தயிர் சாதத்தைப் பிசைந்து பாட்டில் மூடியில் வைத்து ஊட்டினான். மாடிப்படி இறங்க முடியாததால் ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது மாடி, ஒரு நாளைக்கு ஏழு தடவை. லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை. வேலை கம்மி என்று ரெஹானாவிடம் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மா படியில் பார்த்துவிட்டு, “அட, போன வாரம் பாத்த நாயா இது! என்னாச்சுங்க?” என்று பதறினார். சுகந்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண் பட்டதுதான் என்று இன்றுவரை அவள் நம்புகிறாள்.

பதினான்காம் நாள் பொரி எழுந்திருக்கவில்லை. வாலின் நுனி மட்டும் எங்கள் குரலுக்கு அசைந்தது. சாயந்திரம் நான்கரை மணிக்கு அதுவும் நின்றது. வெண்ணிலா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஐந்து மணிக்கு மையத்திலிருந்து அட்டைப்பெட்டியோடு ஒருவர் வந்து, “ரிட்டனுங்களா?” என்று கேட்டார். செழியன் அவரிடம், “பேரு பொரி. மெதுவா வைங்க” என்றான். அவரும் மெதுவாகத்தான் வைத்தார்.

நாங்கள் தேறிவிட்டோம். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. பொட்டுக்காக மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மையத்துக்குப் போனோம். முன்னறையில் ஐந்து பொமரேனியன் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. நான் கையெழுத்துப் போட பேனா தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் காணோம்.

பின்னறையில் ஒரு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாய். எந்த ஜாதி என்று சொல்ல முடியாது. பொமரேனியன் கொஞ்சம், நம்ம ஊர் நாய் மிச்சம். இடது காதில் ஒரு கிழிசல். எழுந்து வரவும் இல்லை, குரைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

“இவனுக்கு எத்தனை வயசுங்க?” என்று வெண்ணிலா கேட்டாள்.

“ஆறு” என்றார் ரெஹானா. “ஒரு வீட்டுலேந்து திருப்பிக் கொடுத்தாங்க. இவனை யாரும் கேக்க மாட்டாங்க கண்ணு. எல்லாருக்கும் குட்டிதான் வேணும்.”

“ஆறு வயசை நாங்க பாக்கவே இல்லீங்க” என்றாள் அவள்.

நான் செழியனைப் பார்த்தேன். குட்டி வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து அடம்பிடித்தவன் அவன்தான். அவன் பெரிய மனுசன் மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னான்: “குட்டின்னா கணக்கு நோட்டைத் தின்னுரும். இவன் அந்தக் கிளாஸெல்லாம் பாஸ் பண்ணிட்டு வந்தவன்.”

ரெஹானாவிடம் தனியாகக் கேட்டேன். “கடிச்சுட்டானா? ஏதாவது வியாதியா? எதுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க?”

“ஒண்ணுமே இல்ல சார். நல்ல நாய். சட்டம் வந்த முதல் மாசமே ஒத்திகை பார்த்தாங்க. அப்ப நாலு வயசுல இதே கூண்டுலேந்துதான் இவனைக் கூட்டிட்டுப் போனாங்க.” பைலைத் திறந்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரியைக் காட்டினார். “ஒத்திகையில இவங்க எவ்வளவு வாங்குனாங்கன்னு பாருங்க.”

தொண்ணூற்றெட்டு என்று இருந்தது.

“அப்பறம் எதுக்குங்க மேடம் இந்த ஒத்திகையெல்லாம்?”

“அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்” என்று சொல்லி பைலை மூடினார். “ஐம்பத்து மூணு வாங்குனவங்களை இப்பத்தான் முதல் தடவை பார்க்கறேன். கையெழுத்துப் போடுங்க.”

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான். செழியனின் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறான். சுகந்தி வந்த அன்றே பொட்டு வைத்துவிட்டாள், கேட்டால், “இவனுக்கு எங்கயும் கண்ணாடி இல்ல, நான் பாத்துட்டேன்” என்கிறாள்.

ஒரே ஒரு பிரச்சினை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. பழைய வீட்டாரின் விவரம் எதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது மையத்தின் விதி. பெயரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவோமாம். நாங்கள் புதிதாக எத்தனையோ வைத்துப் பார்த்தோம். ஜிம்மி, டைகர், கடலை, முறுக்கு, வேலு, பாண்டி. எதற்கும் திரும்புவதில்லை. செழியன் தன் வகுப்பு வருகைப் பதிவேட்டை முழுவதும் வாசித்துப் பார்த்தான். காது அசையவில்லை. இரண்டு வருடம் ஒரு பெயருக்குத் திரும்பிப் பழகிய நாய், வேறு பெயரைத் தன் பெயர் என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

போன ஞாயிறு அபார்ட்மெண்ட் கேட் திறந்திருந்தது. அவன் ரோட்டுக்கு ஓடிவிட்டான். பெருந்துறை ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டில் நின்றுகொண்டு கத்தினார்கள். டேய் என்றார்கள், வாடா என்றார்கள், தெரிந்த பெயரையெல்லாம் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு, எங்களை வாய்க்கு வந்தபடி திட்டி, அவரே இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் எல்லா லாரிக்காரரும் பிரேக் போடமாட்டார்கள். அன்று எங்களிடம் கத்திக் கூப்பிட ஒரு பெயர் இல்லை.

இந்தக் குழுவில் பதினோராயிரம் பேர் இருக்கிறீர்கள். ஈரோடு, பவானி, கோபி, பெருந்துறைப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர். பழுப்பு நிறம், இடது காதில் கிழிசல், முன்கால் ஒன்று மட்டும் வெள்ளை, ஆறு வயது, ஆண். இவனைக் கொடுத்தவர்கள் இங்கே இருந்தால், நாங்கள் திட்டமாட்டோம். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கமாட்டோம். நீங்கள் யார் என்றுகூடச் சொல்லவேண்டாம், புதுக் கணக்கு ஒன்று திறந்து எழுதினாலும் போதும். நீங்கள் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? அந்த ஒரு சொல்லை மட்டும் கீழே எழுதிவிடுங்கள்.